ஓட்டோ எஞ்சினை மெனுவல் காரில் போடலாமா?

மாமாவின் பெரோடுவா மைவி காரில் பானெட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் வெள்ளை பெயிண்டில் "1.3 ஓட்டோ ஓகே" என்று கிறுக்கியிருக்கும். கார் என்னவோ மெனுவல், கிளட்ச் மிதித்துக் கியர் போட்டு ஓட்டுகிற கார். கறுப்பு எண்ணெய் (எஞ்சின் எண்ணெய்) மாற்றக் கொண்டுபோகிற பட்டறையில் எல்லாம் யாராவது ஒரு பையன் அந்தக் கிறுக்கலைப் பார்த்துவிட்டு, உள்ளே குனிந்து மூன்று பெடல் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு, "அங்கிள், இது எப்படி ஓடுது?" என்று கேட்பான். மாமாவுக்கு அதில் ஒரு பெருமை. எனக்கு அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

கதை இதுதான். மாமா வீடு பட்டர்வொர்த், வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். தினமும் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம். ஒரு நாள் பாலத்தின் நடுவில் ரேடியேட்டர் ஹோஸ் பிய்ந்து தண்ணீர் எல்லாம் போய்விட்டது. சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. பாலத்தில் ஓரங்கட்டப் பயந்து, இன்னும் கொஞ்சம்தானே என்று கரை வரைக்கும் ஓட்டிவிட்டார். ஹெட் வளைந்தது, கேஸ்கெட் போனது, சிலிண்டர் சுவரில் கோடு விழுந்தது. அதையெல்லாம் பிரித்துச் செய்கிற காசுக்கு செகண்ட் ஹேண்ட் எஞ்சினே வாங்கிவிடலாம் என்றார் போமன், அதாவது பட்டறை மெக்கானிக். சிம்பாங் அம்பாட் பக்கம், பழைய காரை வெட்டிச் சாமான் விற்கிற ஒரு போத்தோங் கடையில் எஞ்சின் இருந்தது, ஆனால் ஓட்டோ காரில் இருந்து இறக்கியது. மாமா இரண்டு பேருக்கு போன் போட்டார். ஒருத்தர் "ஓட்டோ எஞ்சின் மெனுவலுக்குச் சேராதுங்க" என்றார். இன்னொருத்தர் "சேம் லா, தூக்கிப் போடுங்க" என்றார். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை.

எஞ்சின் என்பது பெட்ரோலை எரித்துக் கிராங்க் என்கிற தண்டைச் சுற்றுகிற சாமான், அவ்வளவுதான். அந்தச் சுற்றலைப் பின்னால் மெனுவலின் கிளட்ச் பிடிக்கிறதா, ஓட்டோவில் எண்ணெய் வழியாகச் சுற்றலைக் கடத்துகிற டார்க் கன்வர்ட்டர் பிடிக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. 2005-இல் வந்த முதல் மைவியின் 1.3 எஞ்சின் கே3-விஇ, 1298 சிசி. அதையே 5 கியர் மெனுவலோடும் விற்றார்கள், 4 கியர் ஓட்டோவோடும் விற்றார்கள். பிளாக், பிஸ்டன், ஹெட் எல்லாம் ஒன்றுதான். புரோட்டோன் சாகாவை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகப் புரியும். 2016 சாகாவில் புரோட்டோனின் சொந்த 1.3 எஞ்சினோடு மெனுவலும், சிவிடி என்கிற பெல்ட்டில் ஓடுகிற ஓட்டோவும் வந்தன. 2019-இல் சிவிடியை எடுத்துவிட்டு 4 கியர் ஓட்டோவைப் போட்டார்கள். ஒரே எஞ்சின், மூன்று விதமான கியர்பாக்ஸ். "சேம் லா" என்றவர் சொன்னது இந்தப் பாதி.

மற்ற பாதி எஞ்சினுக்கு வெளியே, அதைச் சுற்றி மாட்டியிருக்கிற சாமான்களில் இருக்கிறது. அதில் பெரியது கிராங்கின் பின்பக்கம்.

பட்டறைத் தரையில் பழைய எஞ்சினும் வந்த எஞ்சினும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மெனுவல் எஞ்சினின் முதுகில் இருந்தது ஃபிளைவீல், வார்ப்பிரும்பு, ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். அதன் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகத் தேய்ந்திருந்தது, கிளட்ச் தட்டு உட்காரும் இடம் அது. ஓட்டோ எஞ்சினின் முதுகில் இருந்ததோ ஒரு மெல்லிய இரும்புத் தகடு, ஃபிளெக்ஸ் பிளேட். போமன் அதை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார், தோசைக்கல்லைத் தட்டினது போல ஒரு சத்தம். "இத்தனை மெல்லிசா இருந்தா எஞ்சின் ஆடாதா அண்ணே?" என்று கேட்டேன். ஆடாது, ஏனென்றால் அதன் பின்னால் எண்ணெய் நிறைந்த டார்க் கன்வர்ட்டர் ஒரு பூசணிக்காய் கனத்தில் உட்கார்ந்திருக்கும். ஃபிளைவீல் தருகிற கனத்தை அங்கே கன்வர்ட்டர் தருகிறது. சூட்டிலும் எண்ணெய் அழுத்தத்திலும் கன்வர்ட்டர் லேசாக உப்பும், அதற்கு வளைந்து கொடுக்கத்தான் தகடு மெல்லிசாக இருக்கிறது. ஸ்டார்ட்டர் பிடித்துச் சுற்றுகிற பல் வரிசை இரண்டிலும் உண்டு, மற்றபடி ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

ஆகவே முதல் வேலை, ஓட்டோ எஞ்சினில் இருந்து தகட்டைக் கழற்றிவிட்டு மாமாவின் பழைய ஃபிளைவீலை மாட்டுவது. கேட்க எளிது. இங்கேதான் நிறைய பேர் போல்ட்டில் கோட்டை விடுகிறார்கள். ஃபிளைவீல் தடிமன், தகடு மெல்லிசு, அதனால் இரண்டின் போல்ட்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டியதில்லை. தகட்டின் குட்டைப் போல்ட்டை ஃபிளைவீலுக்குப் போட்டால் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும். நீளப் போல்ட்டைத் தகட்டுக்குப் போட்டால் துளையின் அடியில் போய் முட்டி நின்றுவிடும், ஸ்பேனருக்கு இறுகினது போலத் தெரியும், தகடு இறுகியிருக்காது. இரண்டுமே கொஞ்ச நாள் ஓடும், அதுதான் ஆபத்து. போல்ட் ஃபிளைவீலோடு வந்ததாக இருக்க வேண்டும், முடிந்தால் புதிது. கியர்பாக்ஸ் எப்படியும் கீழே இறங்கிவிட்டது, அதே நேரத்தில் கிராங்கின் பின் சீலையும் மாற்றிவிடுங்கள். சீல் விலை ஒரு வேளை நாசி கண்டார் விலை, பிற்பாடு எண்ணெய் ஒழுகினால் அதற்காகவே மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் தட்டும் ரிலீஸ் பேரிங்கும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதுவும் அப்படித்தான்.

மாமா காரில் ஒரு தப்பு நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு தூசித் தகடு வரும், தகரம் மாதிரி இருக்கும், யாரும் மதிக்கமாட்டார்கள். ஓட்டோ எஞ்சினோடு வந்த தூசித் தகட்டை அப்படியே விட்டுவிட்டு ஃபிளைவீலை மாட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். சாவி போட்டதும் எஞ்சின் முதல் தட்டிலேயே பிடித்தது, எல்லோருக்கும் சந்தோஷம், தே தாரிக் வாங்கிவர ஆள் போனான். ஆனால் உள்ளே எங்கோ "கிரீச் கிரீச்" என்று, டின்னைச் சிமெண்டில் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். கிளட்ச்சை மிதித்தாலும் போகவில்லை, விட்டாலும் போகவில்லை, ஆர்.பி.எம். ஏறினால் சத்தமும் ஏறியது. தகட்டின் ஒரு ஓரம் ஃபிளைவீலில் உரசியிருக்கிறது. மறுபடி டிரைவ் ஷாஃப்ட்டை உருவி, கியர்பாக்ஸை இறக்கி, மாமாவின் பழைய தகட்டைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் தேடி எடுத்து மாட்டினார்கள். ஒரு நாள் வீண். அந்தப் பட்டறையைக் குறை சொல்லவில்லை, கூலி கூட்டிக் கேட்கவில்லை அவர்கள். ஆனால் பழைய எஞ்சினைப் புது எஞ்சின் ஓடி ஒரு வாரம் ஆகும் வரைக்கும் யாரும் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன்.

மைவி முன்சக்கரம் இழுக்கிற வண்டி, எஞ்சின் குறுக்கே கிடக்கும். பின்சக்கரம் தள்ளுகிற வண்டியாக இருந்தால் இன்னொரு சங்கதி சேர்ந்துகொள்கிறது: பைலட் பேரிங். கியர்பாக்ஸின் நீண்ட தண்டு முனை கிராங்கின் நடுத்துளையில் போய் உட்காரும், அங்கே ஒரு சின்ன பேரிங் அதைத் தாங்கும். ஓட்டோ எஞ்சினில் அந்த பேரிங் இருக்காது, கன்வர்ட்டரின் மூக்குத்தான் அந்த இடத்தில் நுழையும். பேரிங் போடாமல் மெனுவல் கியர்பாக்ஸை மாட்டினால் தண்டு ஆடும், கிளட்ச் சரியாக விடாது, கியர் போடும்போது நறநறக்கும். எதிர்ப்பக்கம், மெனுவல் எஞ்சினை ஓட்டோவுக்குப் போடுகிறவர் அந்த பேரிங்கைப் பிடுங்க மறந்தால் கன்வர்ட்டர் உள்ளே போகாது, போகாததைப் போல்ட் போட்டு இழுத்தால் கியர்பாக்ஸ் பம்ப் உடையும். மேலோட்டமாகப் பார்த்து ஏமாறுகிற இன்னொரு இடம் அவான்ஸா. அதன் 1.3-இலும் கே3-விஇதான், பேர் ஒன்று என்று மலிவாகக் கிடைத்ததை வாங்கிவிடாதீர்கள். அவான்ஸாவில் எஞ்சின் நெடுக்கே கிடக்கிற பின்சக்கர வண்டி, சம்ப், மேனிஃபோல்ட், மவுண்டிங் எல்லாம் வேறு.

மற்ற சாமான்களுக்கு என் போமன் ஒரு வழி வைத்திருக்கிறார்: வருகிற எஞ்சினை அம்மணமாக்கிவிட்டு, உன் காரில் இருந்ததை எல்லாம் எடுத்து அதற்கு உடுத்து. த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், சென்சார்கள், வயரிங், எஞ்சின் மவுண்டிங் பிராக்கெட், ஆல்டர்னேட்டர், எல்லாமே பழைய எஞ்சினில் இருந்தவை. ஸ்டார்ட்டர் பெரும்பாலும் கியர்பாக்ஸ் பக்கத்துச் சாமான், அதனால் அதுவும் உங்களுடையதே. எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான இ.சி.யூ. பெட்டியைத் தொடவே வேண்டாம், சாவியில் இம்மோபிலைசர் (திருட்டுத் தடுப்பு) இருக்கிற காரில் பெட்டியை மாற்றினால் அந்தச் சாவிக்கு வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. சில எஞ்சின்களில் வேகம் பார்க்கிற சென்சார் ஃபிளைவீலில் இருக்கிற பற்களைத்தான் எண்ணும், அங்கே தப்பான ஃபிளைவீல் போனால் எஞ்சின் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது.

எஞ்சினை மாற்றுவது என்றால் இவ்வளவுதான் வேலை. நல்ல போமனுக்கு இரண்டு நாள்.

காரையே மெனுவலில் இருந்து ஓட்டோவாக மாற்றுவது என்பது வேறு வேலை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "சேராது" என்கிற பதிலும் வருகிறது. இந்த ஆசை வீடுகளில் வருவதற்கு இப்போது ஒரு புதுக் காரணம் இருக்கிறது. 2014-இல் இருந்து ஓட்டோவுக்கு மட்டும் டிஏ லைசன்ஸ் எடுக்கலாம். மகள் டிஏ எடுத்துவிட்டாள், வீட்டில் நிற்பதோ அப்பாவின் மெனுவல் புரோட்டோன் வீரா, காலேஜுக்கு எதில் போவாள்? ஜெலுத்தோங்கில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதற்காகவே வீராவை ஓட்டோ ஆக்கியது. கியர்பாக்ஸ், கன்வர்ட்டர், தகடு, டிரைவ் ஷாஃப்ட், கியர் லீவர், கேபிள், பெடல், ஒரு பக்க மவுண்டிங் எல்லாம் ஒரு போத்தோங் கடையிலேயே கிடைத்தது. இரும்பு வேலை சுத்தமாக முடிந்தது. வயர் வேலையில்தான் சொதப்பினார்கள்.

ஓட்டோ கார் டியில் (D, ஓடுகிற நிலை) நிற்கும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, கன்வர்ட்டர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது, மெனுவலில் அரைக் கிளட்ச்சில் நிற்பது மாதிரி. ஓட்டோ இ.சி.யூ.வுக்குக் கியர்பாக்ஸில் இருக்கிற ஒரு சுவிட்ச் "இப்போ டியில் இருக்கிறேன்" என்று சொல்லும், உடனே அது கொஞ்சம் காற்றைக் கூட்டிக் கொடுத்து எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும். மெனுவல் இ.சி.யூ.வுக்கு இந்தப் பேச்சே தெரியாது. அந்த வீராவில் பழைய இ.சி.யூ.வையே விட்டுவிட்டார்கள், சிக்னலில் நின்றால், அதுவும் ஏர்கோன் போட்டிருந்தால், எஞ்சின் குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடும். மத்தியான வெயிலில் ஏர்கோன் இல்லாமல் யார் ஓட்டுவது?

அதைவிட மோசமான இன்னொன்று. அதே சுவிட்ச்தான் கியர் லீவர் P-யிலும் N-இலும் (பார்க், நியூட்ரல்) இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடுகிறது. அந்த இணைப்பைத் தேடி எடுக்கப் பொறுமை இல்லாமல் இரண்டு வயரையும் நேரே சேர்த்துவிட்டார் வயர்க்காரர். ஒரு காலையில் டியிலேயே நின்றிருந்த வண்டியை அந்தப் பெண் ஸ்டார்ட் செய்ய, அது துள்ளி வாசலில் இருந்த இரண்டு பூச்சட்டியை உடைத்துவிட்டு கேட்டில் முட்டி நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஓட்டோ வீராவின் இ.சி.யூ.வையும் வயரிங்கையும் முழுசாக வாங்கி மாட்டினார்கள். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

பழைய ஓட்டோ கியர்பாக்ஸில் த்ராட்டிலில் இருந்து ஒரு கேபிளும் வரும், எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை அது இழுத்துச் சொல்லும். அதைத் தொளதொளவென்று விட்டால் உள்ளே எண்ணெய் அழுத்தம் போதாமல் கியர் வழுக்கி வழுக்கி உள்ளிருக்கும் தட்டுகள் எரியும். கன்வர்ட்டரை ஏற்றும்போது கையால் சுற்றிச் சுற்றித் தள்ள வேண்டும், "டொக், டொக்" என்று படி படியாக உள்ளே இறங்கும், கடைசி டொக் கேட்பதற்கு முன்னால் எஞ்சினோடு சேர்த்து இறுக்கினால் பம்ப் காலி.

ரேடியேட்டரையும் மறக்கக் கூடாது. பெரும்பாலான ஓட்டோ கார்களில் கியர் எண்ணெயைக் குளிர வைக்கிற குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே ஓடும். மெனுவல் ரேடியேட்டரில் அந்த இணைப்பே கிடையாது, எனவே ஓட்டோவினுடையதை வாங்க வேண்டும், தனியாக ஒரு கூலர் வைத்தாலும் சரி. பழைய ரேடியேட்டரை வாங்கி மாட்டுவதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளே அந்தக் குழாய் ஓட்டை விழுந்தால் சிவப்பு எண்ணெயும் தண்ணீரும் கலந்து, மூடியைத் திறந்தால் பண்டோங் மாதிரி ரோஸ் நிறத்தில் நுரைத்துக்கொண்டு நிற்கும். கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

என்னைக் கேட்டால் மெனுவலை ஓட்டோ ஆக்குவது காசுக்குப் பிடித்த கேடு, காரை விற்றுவிட்டு ஓட்டோ காரே வாங்கிவிடலாம். எதிர்ப்பக்கம், ஓட்டோவை மெனுவல் ஆக்குவது கொஞ்சம் நியாயம். ஓட்டோ கியர்பாக்ஸ் போய்விட்டால் அதை மறுபடி செய்கிற செலவிலேயே பழைய காரின் விலையில் பாதி போய்விடும், மெனுவல் கியர்பாக்ஸ் மலிவு. பெடல், கிளட்ச் கேபிள், லீவர், ஃபிளைவீல், ஷாஃப்ட் எல்லாம் வேண்டும்தான். ஓட்டோ இ.சி.யூ.வை அப்படியே விட்டால் இல்லாத கியர்பாக்ஸைத் தேடித் தேடி செக் எஞ்சின் விளக்கைப் போட்டுக்கொண்டிருக்கும், அதனால் மெனுவல் பெட்டியும் வேண்டும். ரிவர்ஸ் விளக்கு வயரையும் மறந்துவிடுவார்கள், பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

நம் ஊரில் இந்தக் கேள்வி ஏன் இத்தனை தரம் எழுகிறது? முழுக் காரை வெளிநாட்டில் இருந்து கொண்டுவர ஏ.பி. என்கிற இறக்குமதி அனுமதி வேண்டும். பாதி வெட்டின கார் சாமான் கணக்கில் வருகிறது, அதுதான் ஆஃப்கட். பெரும்பாலும் ஜப்பானில் இருந்து, ஜப்பானில் ஓடுகிற கார்களோ பெரும்பாலும் ஓட்டோ. ஆக எஞ்சின் தேடுகிற மெனுவல்காரனுக்குக் கடையில் நிற்பது ஓட்டோ எஞ்சின். மைவியின் ஜப்பான் உடன்பிறப்புகளான பஸ்ஸோ, பூன் ஆஃப்கட்டுகளும் அப்படித்தான் வரும். நம்மூர்க் கார்களும் அந்தப் பக்கம் போய்விட்டன. 2021-இல் மைவியைப் புதுப்பித்தபோது எல்லா ரகத்துக்கும் சிவிடியைக் கொடுத்து மெனுவலை எடுத்துவிட்டார்கள். மாமா மாதிரி மெனுவலை விடாமல் வைத்திருப்பவர்கள் இனி ஓட்டோ எஞ்சினைத்தான் தேட வேண்டியிருக்கும்.

எஞ்சின் ஒன்றுதான் என்று சொன்னேன், ஆனால் எல்லாக் காரிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். வேகத்துக்கென்றே செய்த ரகங்களில் தயாரிப்பாளரே மாற்றி வைப்பதுண்டு. 2002-இல் வந்த மிட்சுபிஷி இவோ 7 ஜிடி-ஏ அப்படி ஒன்று. ஓட்டோவுக்காக டர்போவைச் சிறிதாக்கி, 280 குதிரைத்திறனை 272 ஆக்கினார்கள். அந்த ஆஃப்கட்டை மெனுவல் விலைக்கு விற்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியில் காகிதம். எஞ்சின் நம்பர் பிளாக்கில் அடித்திருக்கும், கிராண்ட் என்கிற வண்டிப் பதிவுத் தாளிலும் அதே நம்பர் இருக்க வேண்டும். எஞ்சினை மாற்றினால் வாங்கின கடையின் ரசீதோடு புஸ்பாகோம் வாகனச் சோதனைக்குப் போய், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யில் நம்பரை மாற்றிக்கொள்ள வேண்டும். வங்கிக் கடன் முடியாத காராக இருந்தால் வங்கியிடமும் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்கள் காரை விற்கும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள், கைமாறும் நேரத்து பி5 சோதனையில் எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் பார்ப்பார்கள். ரசீது தராத கடையில் எஞ்சின் எத்தனை மலிவாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

மாமாவின் காரைச் சோதித்த அதிகாரியும் அந்த வெள்ளை எழுத்தைப் பார்த்தார். கிளட்ச் பெடலை எட்டிப் பார்க்கவில்லை, டார்ச் அடித்து நம்பரை மட்டும் படித்து, தாளில் இருந்ததோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். ஒருத்தராவது கேட்கவில்லையே என்று மாமாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.